கட்டுத்தரைக்கு வாங்கிய ரப்பர் விரிப்பு: ஓராண்டு அனுபவம்

காங்கேயத்துக்கு அருகிலுள்ள எங்கள் தோட்டத்துக் கட்டுத்தரைக்குச் சென்ற ஆண்டு தை மாதத்தில், ஆறரை அடி நீளமும் 4 அடி அகலமும் கொண்ட ரப்பர் விரிப்பு ஒன்றை வாங்கினோம். வாங்கியது மயிலை என்ற மாட்டுக்காக என்றாலும், இன்று அதில் சரிபாதி உரிமை என் அப்புச்சிக்கும் (அம்மாவின் அப்பா) இருப்பதால், இருவரையும் வைத்தே அதைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மயிலை என் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) வளர்த்த மாடு. 14 ஆண்டுகளுக்கு முன், கண்ணபுரம் மாரியம்மன் தேரையொட்டிக் கூடும் சந்தையிலிருந்து தாயோடு ஓட்டிவந்தபோது செக்கச்செவேலென்று இருந்த கன்று, காங்கேயம் கன்றுகளுக்கே உரியபடி ஆறு மாதத்தில் சிவப்பு மாறிச் சாம்பல் நிறமேறியது. அம்மிச்சியைத் தவிர வேறு யார் மடியில் கை வைத்தாலும் பாலை எக்கிக்கொள்ளும். அப்புச்சி அருகில் போனாலே கொம்பை ஆட்டும். அவரும் "உன்ற மாட்டை நீயே பாத்துக்கோ" என்று விலகிப் போய்விடுவார்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அம்மிச்சி காலமானார். கருமாதி முடிந்து உறவினர் அனைவரும் கிளம்பிய பின், யாரோடும் பேசாமல் திண்ணையிலேயே கிடந்த அப்புச்சி, சரியாகத் தீனி எடுக்காமல் நின்ற மயிலையைப் பல நாள் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு மாலையில் கைப்பிடி சோளத்தட்டோடு போய் எட்ட நின்று நீட்டினார். அது தின்னவில்லை, கொம்பை ஆட்டவும் இல்லை. மறுநாளும் போனார். அதற்கடுத்த வாரத்தில் அவர் வாய் திறந்து பேசியது அதனிடம்தான்.

மாடு எழும்போது முன்னங்கால் முட்டியை ஊன்றிக்கொண்டு பின்புறத்தைத்தான் முதலில் தூக்கும். மண்தரையாக இருந்த கட்டுத்தரைக்குச் சிமெண்ட் பூசிய பிறகு, வயதான மயிலைக்கு அந்த முட்டிகள் தேய்ந்து வீங்கின. கால்நடை மருத்துவர் சொன்னதன் பேரில் வாங்கிய இந்த விரிப்பின் கனம் 17 மில்லிமீட்டர். விலை மூவாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. ரப்பர் வாடை இரண்டு நாளில் போய்விடும் என்று கடையில் சொன்னார்கள். மூன்று வாரம் ஆனது. அதுவரை மயிலை அதில் கால் வைக்க மறுத்து ஓரத்திலேயே நின்றது. அப்புச்சி தாமே போய் விரிப்பின் நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். மூன்றாம் நாள் மாலை அது அவர் பக்கத்தில் வந்து படுத்தது.

இப்போது வீக்கம் வற்றிவிட்டது. முடி உதிர்ந்த தழும்பு மட்டும் இருக்கிறது. அடிப்பக்கத்தில் வாய்க்கால்போல் பள்ளங்கள் இருந்தாலும் மூத்திரம் முழுதும் வடிவதில்லை. வாரம் ஒருமுறை இரண்டு ஆள் சேர்ந்து தூக்கிக் கழுவியாக வேண்டும். சாணி ஈரத்தில் மேற்பரப்பு வழுக்குகிறது என்பதால் வயதானவர்கள் உள்ள வீட்டில் இதை அசட்டை செய்யக் கூடாது. மற்றபடி தயக்கமின்றி வாங்கலாம்.

மாலையில் மயிலை அசைபோட்டபடி படுத்திருக்க, அதன் விலாவில் சாய்ந்துகொண்டு, காதுமடலுக்கு அடியிலிருந்து உண்ணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, மண்ணெண்ணெய் ஊற்றிய கொட்டாங்குச்சியில் போடுகிறார் அப்புச்சி. தேங்காய் விலையிலிருந்து அம்மிச்சி வைக்கும் குழம்புவரை அதனிடம் சொல்கிறார். ஆனால் 4 அடி அகலம் மாடு படுக்கத்தான் காணுமே தவிர, அவர் ஒடுங்கித்தான் உட்கார வேண்டியிருக்கிறது. பக்கத்தில் போட அரை விரிப்பு கேட்டிருக்கிறேன். வெட்டித் தருவதாகக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார்.