குளிர்காலத்தில் பெர்னினா மலை ரயில்: கூர் முதல் திரானோ வரை

சுவிட்சர்லாந்தின் கிழக்கு மூலையிலுள்ள கிராபுண்டன் மாநிலத்தின் தலைநகரான கூரிலிருந்து, எல்லைக்கு அப்பால் இத்தாலியில் இருக்கும் திரானோ வரை ரேஷியன் ரயில்வே நடத்தும் பெர்னினா எக்ஸ்பிரஸ், பனி மூடிய மலைகளைப் பார்க்க விரும்பும் தம்பதியருக்கு ஐரோப்பாவில் கிடைக்கும் மிகச் சிறந்த பகல் பயணங்களுள் ஒன்று. பிப்ரவரி மாதத்தில் நானும் என் கணவரும் அந்தப் பாதையில் போய்த் திரும்பிய பிறகு இதை உறுதியாகச் சொல்ல முடிகிறது. ஆனால் அந்தப் பெருமையில் பெரும்பங்கு தண்டவாளப் பாதைக்கும் அதைப் போட்ட பொறியாளர்களுக்கும் உரியது. அதே பாதையில் முன்பதிவு வேண்டாத சாதாரணப் பயணிகள் வண்டிகளும் நாள் முழுவதும் ஓடுகின்றன. போகும்போது எக்ஸ்பிரஸிலும் வரும்போது சாதாரண வண்டியிலும் பயணம் செய்வதே முறையான ஏற்பாடு என்பது என் முடிவு. அதற்கான காரணங்களைப் பாதையின் போக்கிலேயே சொல்கிறேன்.

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ரயிலில் ஏறியிருப்பவர்கள் இந்தப் பாதையை மற்றவர்களைவிட நுட்பமாக ரசிக்க முடியும். இரண்டும் மீட்டர் கேஜ் பாதைகள். நீலகிரி மலை ரயில் 2005-இலும், இந்தப் பயணத்தின் இரு பகுதிகளான அல்புலா, பெர்னினா பாதைகள் 2008-இலும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்கப்பட்டன. நீலகிரியின் பழைய எக்ஸ் வகை நீராவி எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரத்துத் தொழிற்சாலையில் உருவானவை. கல்லாறு முதல் குன்னூர் வரையிலான ஏற்றத்தில் நம் வண்டி பல்தண்டவாளத்தைப் பற்சக்கரத்தால் பற்றிக்கொண்டு ஏறுகிறது. பெர்னினாவிலோ 1,000 மீட்டருக்கு 70 மீட்டர் உயரும் ஏற்றத்தைச் சாதாரணச் சக்கரங்களின் பிடிமானத்தாலேயே ஏறிவிடுகிறார்கள். பாதையின் உச்சியான ஒஸ்பிட்சியோ பெர்னினா நிலையம் 2,253 மீட்டர் உயரத்தில், அதாவது உதகை நிலையத்தைவிட ஏறத்தாழ 50 மீட்டர் மட்டுமே அதிக உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் நம் ஊரில் தேயிலையும் யூகலிப்டஸும் வளர்கின்றன; இங்கே குளிர்காலத்தில் ஏரி முழுவதும் உறைந்து கிடக்கிறது.

கூரிலிருந்து காலையில் புறப்படும் வண்டியில், திரானோவை நோக்கிச் செல்லும்போது வலப்பக்க ஜன்னல் இருக்கைகளையே கேட்டு வாங்க வேண்டும். முதல் ஒரு மணி நேரம் பெரும்பாலும் நிழல் விழுந்த பள்ளத்தாக்குகளில் கழிகிறது. பிலிசூர் நிலையத்துக்குச் சற்று முன்பு வருவது லாண்ட்வாசர் பாலம். 65 மீட்டர் உயரமும் 136 மீட்டர் நீளமும் கொண்டு, 100 மீட்டர் ஆரத்தில் வளையும் இந்தக் கல்பாலத்தின் ஒரு முனை செங்குத்தான பாறைச்சுவரில் இருக்கும் சுரங்க வாயிலில் நேராகப் போய் முடிகிறது. 1901-இலும் 1902-இலும் கட்டப்பட்ட இதன் தூண்கள் கீழிருந்து சாரம் கட்டாமல் எழுப்பப்பட்டவை. வண்டி அதைக் கடப்பது சில நொடிகளில் முடிந்துவிடுகிறது. அதனால் கைப்பேசியில் படம் எடுப்பதை விட்டுவிட்டு, வளைவில் முன்னே செல்லும் பெட்டிகள் பாறைக்குள் நுழைவதைக் கண்ணால் பார்ப்பதே நல்லது.

அதற்கு அடுத்த பெர்கூன்–பிரேடா பகுதி, பொறியியலில் ஆர்வமுள்ளவர்களுக்குப் பாலத்தைவிடச் சுவையானது. இரு ஊர்களுக்கும் இடையே 400 மீட்டருக்கும் மேற்பட்ட உயர வேறுபாடு இருப்பதால், பாதை மலைக்குள் சுருள் சுரங்கங்களாகச் சுற்றி, பள்ளத்தாக்கை மீண்டும் மீண்டும் பாலங்களால் தாண்டி, தன் நீளத்தை இரட்டிப்பாக்கிக்கொண்டு மேலேறுகிறது. சற்று முன்பு இடப்பக்கம் தெரிந்த தேவாலயக் கோபுரம் பிறகு வலப்பக்கம் தெரியும். திசை குழம்பிப்போவது இங்கே எல்லாருக்கும் இயல்பு. குளிர்காலத்தில் மட்டும் காணக்கூடிய காட்சி ஒன்றும் இங்கு உண்டு. பனியால் வாகனங்களுக்கு மூடப்படும் அல்புலா சாலை, பிரேடாவிலிருந்து பெர்கூன் வரை ஏறத்தாழ 6 கிலோமீட்டர் நீளச் சறுக்குவண்டிப் பாதையாக மாறிவிடுகிறது. பயணிகள் ரயிலில் பிரேடா வரை ஏறி, மரச் சறுக்குவண்டிகளில் கீழிறங்கி, மறுபடியும் ரயிலேறுகிறார்கள். குழந்தைகளும் தாத்தா பாட்டிகளும் ஒன்றாகச் சறுக்கிச் செல்வதை ஜன்னல் வழியே பார்க்கும்போது, கூடுதலாக ஒரு நாள் ஒதுக்கி இதற்கென்றே வரலாம் என்று தோன்றியது. சுவிஸ் ரயில்வேயின் 175-ஆம் ஆண்டையொட்டி, 2022 அக்டோபரில் 100 பெட்டிகளுடன் ஏறத்தாழ 1.9 கிலோமீட்டர் நீளமுள்ள பயணிகள் வண்டியை இந்தப் பிரேடாவிலிருந்துதான் கீழ்நோக்கி ஓட்டிச் சாதனை படைத்தார்கள்.

பிரேடாவில் தொடங்கும் அல்புலா சுரங்கம் ஏறத்தாழ 5.9 கிலோமீட்டர் நீளமானது. நூறாண்டுக்கும் மேல் உழைத்த பழைய சுரங்கத்தின் அருகிலேயே புதிதாகக் குடையப்பட்ட சுரங்கம் 2024 ஜூன் மாதத்தில் பயன்பாட்டுக்கு வந்தது. சுரங்கத்துக்கு அப்பால் எங்கதீன் பள்ளத்தாக்கு விரிகிறது. குறுகிய அல்புலா பள்ளத்தாக்கின் நிழலில் வந்த கண்களுக்கு, அகன்ற பனிவெளியில் விழும் வெயில் கூசும். கறுப்புக் கண்ணாடியைக் கைப்பையிலேயே வைத்திருங்கள்.

எக்ஸ்பிரஸ் செயின்ட் மோரிட்ஸுக்குள் போகாமல், சமேடனிலிருந்து போன்ட்ரெசினாவுக்குத் திரும்பிவிடுகிறது. 1928-லும் 1948-லும் குளிர்கால ஒலிம்பிக் நடந்த செயின்ட் மோரிட்ஸ் செல்வந்தர்களின் ஊர். கடைவீதியைப் பார்ப்பதில் விருப்பமில்லாதவர்கள் அங்கே அறை எடுக்கத் தேவையில்லை. மலைக்கு இன்னும் அருகிலிருக்கும் போன்ட்ரெசினா அமைதியான ஊர். காட்டுக்குள் பனியைச் சமன்படுத்தி அமைத்த நடைபாதைகளில் இருவர் பேசிக்கொண்டே நடக்கலாம். சறுக்கு விளையாட்டு தெரியாத எங்களைப் போன்றவர்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

போன்ட்ரெசினாவில் ரயிலுக்கான மின்னோட்டமே மாறுகிறது. இதுவரை மாறுதிசை மின்னோட்டத்தில் வந்த வண்டி, இங்கிருந்து பெர்னினா பாதையின் 1,000 வோல்ட் நேர்திசை மின்னோட்டத்தில் ஓடத் தொடங்குகிறது. 1908-க்கும் 1910-க்கும் இடையே பகுதி பகுதியாகத் திறக்கப்பட்ட இந்தப் பாதை தொடக்கம் முதலே மின்சாரத்தால் இயங்கியது. மற்ற ஆல்ப்ஸ் பாதைகள் பலவும் நீண்ட சுரங்கங்களால் கணவாய்களைத் தவிர்க்கும்போது, இது பெர்னினா கணவாயைத் திறந்த வெளியிலேயே கடக்கிறது. ஆகவே பாதையைத் திறந்து வைக்க, பனியை வாரி வெகுதூரம் வீசும் சுழல் இயந்திரங்களைக் குளிர்காலம் முழுவதும் இயக்க வேண்டியிருக்கிறது. பயணிக்குக் கிடைப்பதோ, உச்சி வரை இடையறாத காட்சி. மோர்ட்டராட்ஷ் நிலையத்தைத் தாண்டியதும் வரும் மோன்டெபெல்லோ வளைவில், 4,049 மீட்டர் உயரமுள்ள பிட்ஸ் பெர்னினா சிகரமும் அதன் அடிவாரத்துப் பனியாறும் வலப்பக்கம் ஒருசேரத் தெரிகின்றன.

பிறகு மரங்கள் முடிந்துவிடுகின்றன. லே நைர், லாகோ பியாங்கோ என்ற இரு ஏரிகள் அடுத்தடுத்து வருகின்றன. முதல் ஏரியின் நீர் இன் ஆற்றின் வழியே டானூபில் கலந்து கருங்கடலுக்குப் போகிறது. இரண்டாவதன் நீர் போ ஆற்றின் வழியே ஏட்ரியாட்டிக் கடலை அடைகிறது. கோடையில் நிறத்தால் வேறுபடும் இவ்விரண்டும் குளிர்காலத்தில் ஒரே வெண்பரப்பாகிவிடுவதால், எங்கே ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்குகிறது என்பது புலப்படுவதில்லை. பகல் வெளிச்சத்தில் அந்தப் பரப்பின் மீது மேகங்களின் நிழல் நகர்வதைப் பார்த்துக்கொண்டே நாங்கள் இருவரும் நெடுநேரம் பேசவில்லை. கோடைப் படங்களைப் பார்த்துவிட்டு, குளிர்காலத்தில் ஏரியின் நீலம் கிடைக்காதே என்று தயங்குபவர்களுக்கு ஒன்று சொல்வேன்: இந்த உயரத்தின் இயல்பான முகம் பனிதான், கோடை இங்கே சில மாத விருந்தாளி.

எக்ஸ்பிரஸையும் சாதாரண வண்டியையும் ஒப்பிட வேண்டிய இடமும் இதுவே. எக்ஸ்பிரஸின் கண்ணாடிகள் கூரை வரை வளைந்து உயர்வதால், பாலங்களையும் சிகரத்தின் உச்சியையும் குனியாமல் பார்க்க முடிகிறது. பெட்டி கதகதப்பாக இருக்கிறது. இருக்கை உறுதியாகக் கிடைக்கிறது. அறிவிப்புகள் தெளிவாக இருக்கின்றன. வயதானவர்களும் குளிர் தாங்காதவர்களும் இரு வழியிலும் இதிலேயே செல்லலாம். ஆயினும் அந்தக் கண்ணாடிகளைத் திறக்க முடியாது; தாழ்வான குளிர்கால வெயில் எந்தக் கண்ணாடியிலும் உள்ளிருப்போரின் முகங்களைப் பிரதிபலிக்கச் செய்யும்; படம் எடுப்பவருக்கு அது பெரிய குறை. நடுவழியில் விரும்பிய இடத்தில் இறங்கி அடுத்த எக்ஸ்பிரஸைப் பிடிப்பதும் நடைமுறையில் இயலாது.

செயின்ட் மோரிட்ஸுக்கும் திரானோவுக்கும் இடையே ஏறத்தாழ மணிக்கு ஒன்றாக ஓடும் சாதாரண வண்டியில் இந்தக் குறைகள் இல்லை. பழைய பெட்டி இணைக்கப்பட்டிருந்தால் ஜன்னலின் மேற்பகுதியை இறக்கி, பனிக்காற்று முகத்தில் அறைய வெளியே பார்க்கலாம். சிறு நிலையங்களில் பொத்தானை அழுத்தினால்தான் வண்டி நிற்கும் என்பதை நினைவில் கொள்ளவும். திரும்பும் வழியில் நாங்கள் ஆல்ப் குரூமில் இறங்கினோம். 2,091 மீட்டர் உயரத்திலுள்ள அந்த நிலையத்துக்குச் சாலை கிடையாது. ரயில் போய்விட்டால் மனித ஓசையே இல்லை. எதிரே பாலூ பனியாறு, கீழே ஆயிரம் மீட்டர் ஆழத்தில் போஸ்கியாவோ பள்ளத்தாக்கு. நிலையத்து உணவகத்தின் ஜன்னலோரத்தில் சூடான சூப்புடன் அடுத்த வண்டி வரும்வரை அமர்ந்திருந்த நேரமே இந்தப் பயணத்தின் உச்சம் என்று என் கணவர் சொல்கிறார். நானும் அதை ஏற்கிறேன்.

ஆல்ப் குரூமிலிருந்து இறங்குவது வேறு நாட்டுக்குள் இறங்குவது போலவே இருக்கிறது. மொழி ஜெர்மனிலிருந்து எங்கதீனின் ரொமான்ஷைக் கடந்து இத்தாலிய மொழியாகிவிடுகிறது. லே பிரேசேயில் ரயில் ஊர்ச் சாலையிலேயே வீடுகளை ஒட்டி ஓடுகிறது. புரூசியோவில் ஏற்ற அளவு மிகாமலிருக்க, ஒன்பது வளைவுகள் கொண்ட கல்பாலத்தின் மேல் வண்டி முழு வட்டம் அடித்துத் தன் பாதைக்குக் கீழாகவே நுழைந்து செல்கிறது. திரானோ 429 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. உச்சியில் மேலங்கியைக் கழற்ற மனம் வராதவர்கள் இங்கே அதைக் கையில் எடுத்துக்கொள்வார்கள்.

திரானோவில் மதிய உணவுக்கு, சைவர்கள் பிட்சோக்கெரி கேட்கலாம். பக்வீட் என்ற தானியத்தின் மாவில் செய்த பட்டையான பாஸ்தாவுடன் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் சேர்த்து, வெண்ணெயிலும் உள்ளூர்ப் பாலாடைக்கட்டியிலும் புரட்டித் தரும் இந்த உணவு, திரானோ இருக்கும் வால்தெல்லினா பள்ளத்தாக்குக்கே உரியது; பனியில் வந்தவருக்குப் பொருத்தமானது. இருவருக்கு ஒரு தட்டு போதும். எக்ஸ்பிரஸில் உணவகப் பெட்டி கிடையாது என்பதால் வழிக்கு ஏதேனும் கையில் இருக்கட்டும். சாப்பிட்ட பிறகு, ரயில் சதுக்கத்தையே குறுக்காகக் கடக்கும் மடோனா பேராலயம் வரை நடந்து வரலாம்.

பயணச்சீட்டைப் பொறுத்தவரை, சுவிஸ் டிராவல் பாஸ் திரானோ வரை செல்லும். ஆனால் எக்ஸ்பிரஸுக்கு இருக்கை முன்பதிவுக் கட்டணத்தைத் தனியாகச் செலுத்தியே ஆக வேண்டும். தம்பதியர் அடுத்தடுத்த இருக்கைகளைக் காட்டிலும், எதிரெதிரே இருக்கும் இரு ஜன்னலோர இருக்கைகளைத் தேர்ந்தெடுங்கள். ஒருவர் பின்னோக்கி அமர வேண்டியிருந்தாலும் இருவருக்கும் முழுக் காட்சி கிடைக்கும். சுவிட்சர்லாந்தும் இத்தாலியும் ஷெங்கன் பகுதியில் இருப்பதால் ஒரே விசா போதும்; கடவுச்சீட்டு மட்டும் கையில் இருக்க வேண்டும். குளிர்காலத்தில் எக்ஸ்பிரஸ் வண்டிகளின் எண்ணிக்கை குறைவு. கடும் பனிப்பொழிவில் கணவாய்ப் பகுதி சில சமயம் மூடப்படுவதும் உண்டு. எனவே புறப்படும் நாளன்று நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளவும். அன்றே திரும்புவதானால், திரானோவிலிருந்து பிற்பகல் முற்பாதியிலேயே சாதாரண வண்டியில் ஏறிவிடுங்கள். அப்போதுதான் ஆல்ப் குரூமில் இறங்கி நின்ற பிறகும், வெளிச்சம் மங்குவதற்குள் லாகோ பியாங்கோவைக் கடக்க முடியும்.