சென்னை–கோவை விமானப் பயணம்: எட்டு ஆண்டுக் கணக்கு

அலுவல் நிமித்தமாக எட்டு ஆண்டுகளாகச் சென்னைக்கும் கோவைக்கும் இடையே விமானத்தில் போய் வருகிறேன். இரு விமான நிலையங்களுக்கும் இடையே நேர்க்கோட்டில் ஏறத்தாழ 400 கிலோமீட்டர். தண்டவாளத்திலோ 500-ஐ ஒட்டி வரும். பயணச்சீட்டில் போட்டிருக்கும் ஒரு மணி பத்து நிமிடம் பறக்கும் நேரம் அன்று. விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதிலிருந்து மறுமுனையில் நிற்பது வரையிலான நேரம் என்பதை நான் புரிந்துகொள்ளவே ஓராண்டு ஆயிற்று.

அதன்பின் கைப்பேசியில் நேரம் குறிக்கத் தொடங்கினேன். சென்ற ஆடியில் ஒரு நாள் புரசைவாக்கத்தில் வீட்டை விட்டு இறங்கியது 5.00 மணி. உள்நாட்டு விமானத்துக்குச் செக்-இன் ஒரு மணி நேரம் முன்பே முடிந்துவிடும் என்பதால் 5.45-க்கே மீனம்பாக்கம் சேர்ந்தாயிற்று. விமானம் நகர்ந்தது 7.24, தரையை விட்டது 7.41, பீளமேட்டில் இறங்கியது 8.27. பெட்டி பெல்ட்டில் வர 9.00 ஆகி, காந்திபுரத்தில் நான் காப்பி குடித்தபோது மணி 9.35. நாலரை மணி நேரத்துக்கு மேலான பயணத்தில் வானில் இருந்தது 46 நிமிடம்!

அன்று காற்றும் சாதகமாக இருந்தது. மேற்கிலிருந்து காற்று வீசும் மாதங்களில் சென்னையில் மேற்கு நோக்கியே மேலெழும்பி நேராகக் கோவைத் திசையைப் பிடித்துவிடலாம். மார்கழியில் வாடைக்காற்றை எதிர்கொண்டு கடல் பக்கம் கிளம்பி, வளைந்து திரும்ப வேண்டியிருப்பதால் சில நிமிடங்கள் கூடும். 2018 போகியன்று புகைமூட்டத்தில் மீனம்பாக்கமே முடங்கியதை நினைத்தால் இது ஒன்றுமே இல்லை.

விசிறி வைத்த ஏடிஆர் விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவில்தான் பறக்கும், ஜெட் 800-ஐத் தாண்டும் என்றாலும், ஏறவும் இறங்கவுமே பாதி நேரம் போய்விடும் இந்தக் குறுகிய தொலைவில் இரண்டுக்கும் பத்து, பதினைந்து நிமிடமே வேறுபாடு. ஆகவே விமான வகையைப் பார்த்துச் சீட்டு எடுப்பதை விட்டுவிட்டேன். பெட்டியைக் குறைத்துக் கைப்பையோடு ஏறுவதே அதைவிட அதிக நேரத்தை மிச்சப்படுத்துகிறது. வலப்பக்கச் சன்னல் கிடைத்தால், மேகம் இல்லாத நாளில் மேட்டூர் நீர்த்தேக்கத்தைக் காணலாம் என்பது தனி லாபம்.

2023 ஏப்ரலில் வந்தே பாரத் ஓடத் தொடங்கியபோது, ஐந்து மணி ஐம்பது நிமிடத்தில் கோவை சந்திப்பில் இறக்கிவிட்டது. இரு முனையிலும் வீடு, அலுவலகப் போக்குவரத்தைச் சேர்த்தாலும் விமானத்தைவிட இரண்டு மணி நேரமே கூடுதல். அந்நேரம் முழுவதும் உட்கார்ந்து வேலை பார்க்க முடிகிறது. காலையில் போய் மாலையே திரும்ப வேண்டிய நாட்களுக்கு மட்டும் இப்போது விமானம் எடுக்கிறேன். தங்கும் வேலையென்றால் இரவு ரயிலான சேரனில் கீழ்ப் படுக்கைதான்.