பிரேஸ் கழற்றிய பின்: ஒட்டிய கம்பியா, கழற்றும் உறையா?

பற்களைச் சீராக்கப் போட்ட பிரேஸ் கழன்றதும் அவை பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கும். பற்களைத் தாடையோடு பிணைக்கும் நார்கள் அடங்க மாதக்கணக்கில் ஆகும். ஆகவே பற்களை நகராமல் பிடித்து வைக்கும் ரிடெய்னர் கட்டாயம். எது என்பதுதான் கேள்வி.

செலவு: பல்லின் பின்புறம் ஒட்டும் கம்பி ஆண்டுக்கணக்கில் நிற்கும். கழற்றும் பிளாஸ்டிக் உறை தேயும், வெடிக்கும், அதைவிடத் தொலையும்; மறுபடி செய்யக் காசு வேண்டும். வெள்ளவத்தையில் கொத்து ரொட்டி சாப்பிட உட்கார்ந்து, உறையை டிஷ்யூவில் சுற்றி மேசையில் வைத்தால் அது குப்பைக்குத்தான் போகும்.

சுத்தம்: இதில் என் வாக்கு உறைக்கே. கழற்றிப் பல் துலக்கலாம். உறையைக் குளிர்ந்த நீரில் கழுவலாம். சுடுநீர் வடிவத்தைக் கெடுக்கும். போட்டபடியே பிளேன்டீ குடிப்பதும் ஆகாது: சூடு வளைக்கும், சாயம் படியும், சீனி பல்லோடு அடைபட்டுக் கிடக்கும். கம்பியைச் சுற்றியோ பற்காரை சேரும். பல்லிடைத் தூரிகை வேண்டும்.

காவல்: கம்பிக்கு மறதி இல்லை. ஆனால் பெரும்பாலும் முன்பற்களை மட்டுமே காக்கும். ஒரு முனையில் பசை விட்டாலும் வலிக்காது; தெரியாமலே பல் நகரலாம்.

நெரிசலான கீழ்ப்பற்களைச் சீராக்கியவருக்கும் மறதிக்காரருக்கும் கம்பி; கம்பியைச் சுற்றித் துலக்கச் சிரமப்படுபவருக்கு உறை. கீழே கம்பி, மேலே இரவில் உறை என்று இரண்டையும் தரும் வைத்தியர்களும் உண்டு. உறை திடீரென இறுகினால் பல் நகர்கிறது என்று பொருள், தாமதிக்காமல் காட்டுங்கள்.