நான்கு சீசன், ஒரு பின் வீல்

நான் ஓட்டும் அதே லிட்டர் பைக்கை (1000 சிசி) வாங்கி, பல மணி நேரம் ஓடும் எண்டியூரன்ஸ் ரேஸுக்குத் தயார் செய்யலாமா என்று நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார். அவர் போன் செய்தபோது பைக்கின் ஸ்விங்ஆர்ம், அதாவது பின் வீலைத் தாங்கும் கை, கழன்று என் மேசைமேல் கிடந்தது. பின் பிரேக்கின் டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட் வந்து உட்காரும் அந்தச் சின்னக் காது தேய்ந்து, ஓரத்தில் மயிரிழை விரிசல். அந்த மனநிலையில் அவருக்குச் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த இன்ஜினை நான் இன்னும் பிரிக்கவில்லை. பிஸ்டன், கேம், வால்வு ஸ்பிரிங் எல்லாம் கம்பெனி கொடுத்தவை. இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியூவை மாற்றினோம், ரெவ் லிமிட்டை 500 ஆர்பிஎம் குறைத்தோம், ஒவ்வொரு ரேஸுக்கும் ஆயில் மாற்றுகிறோம். அவ்வளவுதான். ஸ்பிரிண்ட் ரேஸ் ஓட்டுபவர்கள் உச்ச பவரைத் தேடுவார்கள். ஆறு மணி நேரம் ஓட வேண்டியவனுக்கு வேண்டியது வேறு: களைத்த கை ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் முரட்டுத்தனமாகத் திருகினாலும் பின் டயர் நழுவாத டார்க், ஒரு டேங்கில் ஒரு லேப் கூடுதல். இரண்டையும் இந்த இன்ஜின் தந்தது. மூன்று பேர் மாறி மாறி ஓட்டுகிறோம், மூன்று பேருக்கும் மூன்று பாணி, இன்ஜின் முகம் சுளித்ததில்லை.

மற்ற மாற்றங்கள் எல்லோரும் செய்வதுதான். ரேடியேட்டரில் வெறும் தண்ணீர், ஏனென்றால் கூலன்ட் சிந்தினால் டிராக் வழுக்கும். ஆயில் போல்ட், ஃபில்டர் எல்லாவற்றுக்கும் கம்பி கட்டினோம். கீழே ஆயிலைப் பிடித்து வைக்கும் பெல்லி பேன், இன்ஜின் கவர்களுக்குக் காப்பு, இருட்டுக்குக் கூடுதல் விளக்கு. டேங்க் மூடியை எடுத்துவிட்டு, பெட்ரோல் குழாயை அழுத்தினால் திறந்து, எடுத்தால் தானே மூடிக்கொள்ளும் டிரை பிரேக் வால்வு போட்டோம். உலக எண்டியூரன்ஸின் ஃபார்முலா பிரிவில் 24 லிட்டர் டேங்க் வரைக்கும் அனுமதி உண்டு. எங்களுடையது கம்பெனி டேங்க், அதனால் ரேஸின் நடுவே பெட்ரோலுக்கும் டயருக்கும் நிற்கும் பிட்டுக்கு அடிக்கடி வர வேண்டியிருக்கிறது. அடிக்கடி வருவதால் பின் வீலையும் அடிக்கடி கழற்ற வேண்டியிருக்கிறது. என் கோபம் அங்கேதான் தொடங்குகிறது.

சாலையில் ஓட்டுபவர் பின் வீலை வருடத்துக்கு ஒருமுறை, டயர் தேய்ந்தால் கழற்றுவார். நிதானமாக ஸ்டாண்ட் போட்டு, டீ குடித்துக்கொண்டே செய்யலாம். அந்த வேலைக்கு இந்த டிசைனில் ஒரு குறையும் இல்லை. பிட்டில் அதையே செய்து பாருங்கள். வீலின் நடுவே போகும் ஆக்சிலை உருவியதும், இரண்டு பக்கமும் இடைவெளி காக்கும் ஸ்பேசர் வளையங்கள் தரையில் விழுந்து உருளும். காலிப்பர் பிராக்கெட் பிரேக் ஹோஸில் தொங்கும். புது வீலைத் தூக்கும்போது டயர் வார்மரிலிருந்து வந்த டயர் கையைச் சுடும். செயினை ஸ்ப்ராக்கெட்டில் மாட்ட வேண்டும், டிஸ்க்கை இரண்டு பேடுக்கும் நடுவே நுழைக்க வேண்டும், பிராக்கெட்டை அந்தக் காதில் உட்கார வைக்க வேண்டும், ஸ்பேசர் நழுவாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இத்தனை ஓட்டைகளும் ஒரே நேர்கோட்டில் வந்தால்தான் ஆக்சில் உள்ளே போகும்.

இதற்கு வழி தெரியாத காலமா என்றால் இல்லை. பிரெஞ்சு எண்ணெய் நிறுவனமான எல்ஃப் பணம் போட, ஹோண்டா இன்ஜினோடு 1980களின் தொடக்கத்தில் ஓடிய எண்டியூரன்ஸ் பைக்குகளிலேயே, வீலை ஒரு பக்கம் மட்டும் தாங்கும் ஒற்றைக் கை ஸ்விங்ஆர்ம் வந்துவிட்டது. 1987இல் வந்த ஹோண்டா ஆர்சி30இல் அதை விற்பனைக்கே கொடுத்தார்கள். ஒரே நட், வீல் மட்டும் வெளியே வரும், செயினும் பிரேக்கும் இருந்த இடத்திலேயே இருக்கும். எடையும் விறைப்பும் பார்த்துப் பலரும் இரட்டைக் கையிலேயே நிற்கிறார்கள், அந்த நியாயம் எனக்குப் புரிகிறது. இரட்டைக் கையிலும் இதை எளிதாக்க முடியும் என்பதுதான் என் ஆதங்கம்.

நாங்கள் செய்தது இது. ஸ்பேசர்களை லேத்தில் கடைந்து, சீலுக்குள் இறுகப் பிடிக்கும் விளிம்பு வைத்தோம், இனி விழாது. ஆக்சிலின் முனையைக் கூம்பாக்கினோம். பிரேக் பேடுகளின் முன் விளிம்பைச் சரிவாக ராவினோம், டிஸ்க் தானாக வழி கண்டுபிடித்து நுழைகிறது. ஸ்விங்ஆர்மின் உள்பக்கம் இரண்டு சிறு தாங்கிகள், வீலை உருட்டித் தள்ளினால் ஏறத்தாழ சரியான உயரத்தில் நிற்கும். செயினைத் தொங்கவிட ஒரு கொக்கி. இரண்டாம் சீசன் முடிவில் நாற்பது விநாடி வேலை இருபதுக்குள் வந்தது. முதல்முறை அப்படி மாட்டியபோது எங்கள் பிட்டில் இருந்தவர்கள் கைதட்டினார்கள், நானும் தட்டினேன்.

பிராக்கெட்டை மட்டும் விட்டுவிட்டோம். அது காதில் வெறுமனே சொருகி நிற்பது, வீல் இல்லாதபோது கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். ‘ஒரு ஆள் பிடித்தால் போதும்’ என்று நான்தான் சொன்னேன். போன மாதம் ஆறு மணி நேர ரேஸில், இருட்டிய பிறகு கடைசிப் பிட். பிடித்திருந்தவரின் கை எண்ணெயில் வழுக்கி, பிராக்கெட் காதிலிருந்து விலகியது. யாரும் கவனிக்கவில்லை. ஆக்சில் போனது, நட் இறுகியது, அதன்பிறகு வீல் சுற்றவில்லை. மறுபடி கழற்றி மாட்டுவதற்குள் இரண்டு நிமிடம் போய்விட்டது. மூன்றாவதாக இருந்தோம், ஏழாவதாக முடித்தோம். வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தபோதுதான் விரிசல் தெரிந்தது. நான்கு சீசனாக ஸ்டீல் பிராக்கெட் இடித்து இடித்து, அந்த அலுமினியக் காது தேய்ந்திருக்கிறது. வெல்டிங் வைக்கலாம் என்றார்கள். வெல்டிங் சூட்டில் பக்கத்து அலுமினியம் வலு இழக்கும், பிரேக்கின் விசை முழுவதையும் தாங்கும் இடத்தில் எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை. விபத்தில் போன வேறொரு பைக்கின் ஸ்விங்ஆர்மை வாங்கியிருக்கிறேன்.

அந்த நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். இன்ஜின், பிரேம், முன் பிரேக், மூன்றுக்கும் நூற்றுக்கு நூறு போடுவேன். அப்படியிருந்தும் வாங்காதீர்கள் என்றுதான் இன்றைக்குச் சொல்ல வருகிறது. ஏழாவது இடத்துக்குப் பிறகு, அன்று பிராக்கெட்டைப் பிடித்திருந்தவர் இருட்டில் தனியாக உட்கார்ந்திருந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. தவறு அவருடையது இல்லை. ஒரு பின்னும் ஒரு கிளிப்பும் வைத்து நான் பூட்டியிருக்க வேண்டிய இடம் அது.

சொல்வதைக் கேட்காமல் இதையே வாங்குவதென்றால், எக்ஸாஸ்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதல் நாளே பிராக்கெட்டை ஸ்விங்ஆர்மோடு பூட்டிவிடுங்கள். நான் போட்ட பின்னின் அளவும் வரைபடமும் இருக்கிறது, அனுப்புகிறேன்.