கல்யாண லீவு ஐந்து வாரம்: எந்த வேலையை முதலில் முடிப்பது

வெளிநாட்டில் வேலை பார்ப்பவருக்குக் கல்யாணத்துக்கென்று கிடைப்பது பெரும்பாலும் நாலைந்து வார லீவுதான். மண்டபம், ஜவுளி, மறுவீடு, சொந்தக்காரர் வீட்டு விருந்து என்று அதில் பாதி ஓடிவிடும். மீதி நாளில் திருமணப் பதிவு, சான்றிதழுக்கு அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லும்படி வெளியுறவு அமைச்சகம் ஒட்டித் தரும் சான்றுறுதி), பாஸ்போர்ட், வங்கிக் கணக்கு, கூட வரப்போகும் துணைக்கு விசா என்று வரிசையாக வேலை நிற்கும். நம் ஊர் அலுவலகங்கள் பத்து வருடத்துக்கு முன்பு இருந்ததுபோல இல்லை. விண்ணப்பம், கட்டணம், நேரம் குறிப்பது எல்லாம் இணையத்திலேயே முடிகிறது. அப்படியும் புதுத் தம்பதிகள் லீவை நீட்டிக்கிறார்கள், ஒருவர் முன்னால் போய் இன்னொருவர் மாதக்கணக்கில் காத்திருக்கிறார். விசாரித்தால் பத்துக்கு எட்டுப் பேருக்குச் சிக்கல் ஒரே இடத்தில்தான் இருக்கும்: பெயர்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் இனிஷியல் போட முடியாது, விரித்து எழுத வேண்டும். ஆதாரில் இனிஷியலோடு இருக்கும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் இருக்கும். கண்ணன் மகள் மீனாட்சி என்று வைத்துக்கொள்வோம். ஆதாரில் ‘கே. மீனாட்சி’, பான் கார்டில் ‘மீனாட்சி கண்ணன்’, பாஸ்போர்ட்டில் பெயர் ‘மீனாட்சி’, குடும்பப் பெயர் இருக்க வேண்டிய கட்டம் காலி. போதாததற்கு ஆங்கில எழுத்து வேறு. நடுவில் ஒரு ‘டி’யா இரண்டு ‘டி’யா, ‘கே.எஸ்.எச்’சா ‘எக்ஸ்’ஸா, முடிவில் ‘ஐ’யா இரண்டு ‘ஈ’யா என்று ஆவணத்துக்கு ஆவணம் மாறும். ஊரில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. விசா அதிகாரிக்கு மட்டும் இவர்கள் மூன்று வெவ்வேறு ஆட்கள்.

ஆகவே விமான டிக்கெட் போடும்போதே இருவருடைய பாஸ்போர்ட், ஆதார், பான், பத்தாம் வகுப்புச் சான்று நான்கையும் மேசையில் பரப்பி வைத்து, பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டும். இருவரின் அப்பா, அம்மா பெயரையும் அப்படியே. பாஸ்போர்ட்டில் உள்ளதை மூலமாக வைத்துக்கொண்டு மற்றதை அதற்கு ஏற்பத் திருத்துவதே சுலபம். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும், பிறந்த தேதியை ஒரே முறை. அதனால் அவசரத்தில் ஒரு திருத்தத்தை வீணாக்க வேண்டாம். ஆதார் மையத்துக்குப் போகும்போது ஆதாரமாகப் பாஸ்போர்ட்டையே கொடுங்கள். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்கள் அமீரகம் போவதாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். 2022 நவம்பரில் வந்த விதியால் ஒற்றைப் பெயரோடு விசிட் விசாவில் வருபவர்களை அங்கே திருப்பி அனுப்பக்கூடும்.

இனி பதிவு. தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009-ன்படி எந்த மதத்துக் கல்யாணமாக இருந்தாலும் 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தாக வேண்டும். கட்டணம் 100 ரூபாய். அதைத் தாண்டினால் இன்னும் 60 நாள் அவகாசம் உண்டு, கட்டணம் 150 ரூபாய். இருவரும் இந்துக்களாக இருந்தால் 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் கீழும் பதியலாம், அதற்கு இந்தக் கெடு இல்லை. ஐயர் இல்லாமல், மாலை மாற்றியோ மோதிரம் மாற்றியோ நடக்கும் சீர்திருத்தத் திருமணமும், 1967-இல் வந்த 7-ஏ பிரிவின்படி இந்தச் சட்டத்தில் செல்லும். தேவாலயத் திருமணமோ நிக்காஹ்வோ என்றால், தேவாலயச் சான்றும் ஜமாஅத் பதிவேட்டு நகலும் கையில் இருந்தாலும், 2009 சட்டப்படி தனியாகப் பதிவது அவசியம்.

விண்ணப்பம் பதிவுத்துறையின் இணையதளத்தில். கணக்குத் தொடங்கி விவரங்களை நிரப்பி, ஆவணங்களை ஏற்றி, கட்டணம் செலுத்தி, போகும் நாளுக்கு நேரம் குறித்துக்கொள்ளலாம். அலுவலக வாசலில் இருக்கும் பத்திர எழுத்தரிடம் கொடுத்தாலும் செய்து தருவார், ஆனால் அவர் பழகிய எழுத்துக்கூட்டலில் அடித்துவிடுவார். அவரிடம் கொடுத்தால் பக்கத்தில் உட்கார்ந்து, பாஸ்போர்ட்டைத் திறந்து வைத்து, ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லுங்கள். எடுத்துப்போக வேண்டியவை: கல்யாணப் பத்திரிகை, மண்டப ரசீது அல்லது கோயில் ரசீது, இருவரின் பாஸ்போர்ட் அசலும் நகலும், ஆதார், பாஸ்போர்ட் அளவுப் புகைப்படங்கள், சாட்சிகளும் அவர்களின் அடையாள அட்டையும். ஏற்கெனவே மணமாகி விவாகரத்து ஆனவர் என்றால் நீதிமன்றத் தீர்ப்பு நகல், துணையை இழந்தவர் என்றால் இறப்புச் சான்று. பத்திரிகையில் பெண்ணின் வீட்டுப் பெயரையோ செல்லப் பெயரையோ அச்சடித்துவிட்டு, அங்கே போய் இது வேறு பெயராயிற்றே என்ற கேள்விக்கு முழிப்பவர்கள் நிறைய. பத்திரிகை அச்சுக்குப் போகும்போதே முழுப் பெயரைப் போட்டுவிட்டால் அந்தப் பிரச்சினையே வராது.

எந்த நாளில் போவது என்பதும் முக்கியம். சுபமுகூர்த்த நாளில் சார்பதிவாளர் அலுவலகம் பத்திரப் பதிவுக் கூட்டத்தில் நிரம்பி வழியும், அன்றைக்குக் கூடுதல் டோக்கன் வேறு கொடுப்பார்கள். நிலம் வாங்குபவர்கள் தவிர்க்கும் அஷ்டமி, நவமி, செவ்வாய்க்கிழமையாகப் பார்த்துப் போனால் வேலை சீக்கிரம் முடியும். கல்யாணம்தான் நல்ல நேரத்தில் ஆகிவிட்டதே, பதிவுக்கு நேரம் பார்க்க வேண்டியதில்லை.

அங்கே புகைப்படம் எடுத்து, கைரேகை வாங்கி, விவரங்களைத் திரையில் காட்டுவார்கள். கூட வந்தவர்கள் அவசரப்படுத்துவார்கள், பின்னால் ஆள் நிற்கும். அந்த ஐந்து நிமிடத்தை மட்டும் யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். இருவர் பெயர், பெற்றோர் பெயர், பிறந்த தேதி, கல்யாணத் தேதி, கல்யாணம் நடந்த இடம், ஐந்தையும் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்து. அந்தத் திரையில் விட்ட ஒரு ‘எச்’சைப் பிறகு திருத்த இருவரும் மறுபடி நேரில் வர வேண்டியிருக்கும், அப்போது ஒருவர் துபாயில் இருப்பார். சான்றிதழ் வந்ததும் கூடுதலாக இரண்டு சான்றிட்ட நகல்களுக்கும் விண்ணப்பித்துவிடுங்கள். லேமினேட் செய்யவே கூடாது. அப்போஸ்டில் ஒட்டு ஆவணத்தின் பின்புறத்தில் ஒட்டப்படுவது, பிளாஸ்டிக்கின் மேல் ஒட்ட மாட்டார்கள்.

வெவ்வேறு மதத்தவர் மதம் மாறாமல் மணம் செய்வதென்றால் 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம்தான் வழக்கமான வழி. அதில் ஐந்து வாரம் என்பது விளிம்பில் நடக்கிற காரியம். இருவரில் ஒருவர் அந்த மாவட்டத்தில் குறைந்தது 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும், நோட்டீஸ் கொடுத்து 30 நாள் காத்திருக்க வேண்டும், நோட்டீஸ் தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் மூன்று சாட்சிகளோடு மணம் நடக்க வேண்டும். குடியிருப்பு நிபந்தனையை ஊரில் இருப்பவரே நிறைவு செய்துவிடுவார். இறங்கிய மறுநாளே நோட்டீஸ் கொடுத்தால்கூடக் கையில் மிஞ்சுவது சில நாள்தான். லீவை ஏழு வாரமாகக் கேளுங்கள், அல்லது மூன்று மாத இடைவெளிக்குள் இரண்டு சின்னப் பயணமாகத் திட்டமிடுங்கள்.

அடுத்து அப்போஸ்டில். எல்லா நாட்டுக்கும் இது தேவையில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் ஏஜென்ட்டுகள் எல்லோரிடமும் தேவை என்றே சொல்கிறார்கள். அமெரிக்காவில் வேலை பார்ப்பவரின் துணைக்கான ஹெச்-4 விசா நேர்காணலுக்குச் சான்றிதழ் அசலும் கல்யாணப் படங்களும் பத்திரிகையும் கொண்டுபோனால் போதும். ஒரு நாட்டு அப்போஸ்டிலை இன்னொரு நாடு ஏற்க வழிசெய்யும் ஹேக் உடன்படிக்கையில் இந்தியா 2005-இல் சேர்ந்தது, சிங்கப்பூர் 2021-இல், சவூதி 2022-இல், கனடா 2024 ஜனவரியில். இந்த நாடுகளில் ஏதாவது அலுவலகம் சான்றுறுதி கேட்டால் அப்போஸ்டில் ஒன்றே போதும். அமீரகம், கத்தார், குவைத் உடன்படிக்கையில் இல்லை. அங்கே குடும்ப விசாவுக்கு மாநில உள்துறை, வெளியுறவு அமைச்சகம், அந்த நாட்டுத் தூதரகம் என்று படிப்படியாக முத்திரை வாங்கி, போய்ச் சேர்ந்த பிறகு அங்குள்ள வெளியுறவு அமைச்சகத்திலும் உறுதி பெற வேண்டும்.

வெளியுறவு அமைச்சகம் அப்போஸ்டிலுக்கு வாங்கும் கட்டணம் ஓர் ஆவணத்துக்கு 50 ரூபாய்தான். ஆனால் தனிநபர் நேரில் கொடுக்க முடியாது, அமைச்சகம் நியமித்த நிறுவனங்கள் வழியாகத்தான் கொடுக்க வேண்டும், அவற்றின் சேவைக் கட்டணம் தனி. தெருமுனை ஏஜென்ட் ஆயிரக்கணக்கில் கேட்பது இந்த நிறுவனத்துக்கும் கூரியருக்கும் தன் லாபத்துக்கும் சேர்த்து. கொடுக்கும் முன் ஒன்று கேட்டு ரசீதில் எழுதி வாங்குங்கள்: முதல் முத்திரை தமிழ்நாடு உள்துறையிலா, டெல்லியில் கோட்டாட்சியர் மட்டத்திலா? இரண்டாவது வழி வேகம், ஆனால் சில தூதரகங்கள் மாநில உள்துறை முத்திரையைத்தான் ஏற்கும். தூதரகம் வரை போக வேண்டிய காகிதத்துக்கு இரண்டு மூன்று வாரம் ஒதுக்குங்கள். ஒட்டில் இருக்கும் எண்ணை இணையத்தில் அடித்து உண்மையானதுதானா என்று பார்த்துக்கொள்ளலாம்.

பாஸ்போர்ட்டில் துணையின் பெயரைச் சேர்ப்பதைப் பற்றி ஓர் அபிப்பிராயம். கல்யாணமான கையோடு எல்லோரும் ஓடுவது அதற்குத்தான், பலருக்கு அது உடனே தேவையே இல்லை. பல நாடுகளின் விசாவுக்குத் திருமணச் சான்றே போதுமானது. போகும் நாடு கட்டாயம் கேட்கிறதா என்று முதலில் பாருங்கள். செய்வதானால் அது ‘மறுவெளியீடு’ விண்ணப்பம். 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய், தட்கல் என்றால் மேலும் 2,000. சேவை மையத்தில் வேலை ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும், இழுப்பது போலீஸ் விசாரணை. மருமகளாக வந்த பெண் மாமியார் வீட்டு முகவரியைக் கொடுப்பார், ஆதாரில் பிறந்த வீட்டு முகவரி இருக்கும், அக்கம்பக்கத்தாருக்கு அவரைத் தெரியாது, விசாரிக்க வரும் நேரத்தில் தம்பதி தேனிலவுக்கு ஊட்டியில் இருப்பார்கள். அறிக்கை பாதகமாகப் போய்விடும். பழைய முகவரியையே விட்டுவைத்து, விசாரணை முடியும்வரை அந்த வீட்டில் இருப்பதுதான் புத்திசாலித்தனம். பிரிட்டனுக்கு ஆறு மாதத்துக்கு மேல் தங்கப் போகும் துணைக்கு அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் காசநோய்ப் பரிசோதனை வேண்டும். அந்தச் சான்று ஆறு மாதம்தான் செல்லும் என்பதால் ரொம்ப முன்கூட்டியும் எடுக்க வேண்டாம்.

வங்கி வேலைக்கு அரை நாள் போதும். வெளிநாட்டில் குடியேறியவர் சாதாரண சேமிப்புக் கணக்கை வைத்திருக்கக் கூடாது, வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். கூடப் போகும் துணையின் கணக்குக்கும் இதே விதி. ஊர் வாடகை, வட்டி வருமானத்துக்கு என்.ஆர்.ஓ., அங்கே சம்பாதித்து அனுப்பும் பணத்துக்கு என்.ஆர்.இ. என்.ஆர்.இ. வட்டிக்கு இங்கே வரி இல்லை, என்.ஆர்.ஓ. வட்டியில் 30 சதவீதமும் அதன்மேல் செஸும் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். வாரிசு நியமனத்தில் அப்பா பெயரை எடுத்துவிட்டுத் துணையின் பெயரைப் போட இதுவே நேரம். ஊர் செல்போன் எண்ணை விட்டுவிடாதீர்கள், ஓ.டி.பி. எல்லாம் அதற்குத்தான் வரும். சர்வதேச ரோமிங்கை ஊரிலேயே இயக்கிவிட்டு, 90 நாளுக்கு மேல் பயன்பாடு இல்லாமல் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர், அமீரகம், அமெரிக்கா, பிரிட்டன் உள்ளிட்ட சில நாடுகளின் எண்ணிலேயே என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. கணக்கை யு.பி.ஐ.யில் இணைக்கும் வசதி வந்துவிட்டது, உங்கள் வங்கி தருகிறதா என்று அந்த அரை நாளிலேயே கேட்டுவிடலாம். அங்கே கார் ஓட்டப்போகும் துணைக்குப் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி, ஒரு வருடத்துக்கு, 1,000 ரூபாய். பாஸ்போர்ட் காட்ட வேண்டும், இதைக் கடைசி வாரத்தில் வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாகக் கல்யாண நகை. தாலிக்கொடியும் ஆரமும் வளையலுமாகப் போட்டுக்கொண்டு போய், அடுத்த பொங்கலுக்குத் திரும்ப எடுத்து வரும்போது, அது இங்கிருந்து போனதுதான் என்று காட்ட ஒரு காகிதம் வேண்டும். இல்லாவிட்டால் சுங்கத்தில் வரி கேட்க வாய்ப்பு உண்டு. புறப்படும் விமான நிலையத்திலேயே சுங்க அதிகாரியிடம் நகையைக் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கலாம். கடை ரசீது, ஒவ்வொரு நகையின் எடை எழுதிய மதிப்பீட்டாளர் சான்று, நகைகளின் படம் மூன்றும் கையில் இருக்கட்டும். நகை கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெட்டியில் போட்டு செக்-இன் செய்துவிட்டால் அதிகாரிக்குக் காட்ட வழியில்லை. இதற்கென்று வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் முன்னதாகவே விமான நிலையத்துக்குக் கிளம்பிவிடுங்கள்.