குறைமாதக் குழந்தையின் கண்ணைப் பார்க்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை: மதுரையில் எங்களுக்கு நடந்தது

34 வாரம் நிறையும் முன்னால் பிறந்த குழந்தையோ, பிறக்கும்போது 2 கிலோ எடைகூட இல்லாத குழந்தையோ உங்கள் வீட்டில் இருந்தால் முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். பிறந்து 30 நாள் ஆவதற்குள் ஒரு கண் டாக்டர் அந்தக் குழந்தையின் விழித்திரையைப் பார்த்திருக்க வேண்டும். 28 வாரத்துக்கும் முன்னால் பிறந்திருந்தாலோ, எடை 1,200 கிராமுக்குக் கீழே இருந்தாலோ அவ்வளவு நாள்கூடப் பொறுக்கக் கூடாது, இரண்டு மூன்று வாரத்திலேயே பார்த்துவிட வேண்டும். குறைமாதக் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர்களுக்கு இது தெரியாத விஷயம் இல்லை. ஆனால் என் தங்கச்சி மகன் படுத்திருந்த தனியார் ஆஸ்பத்திரியில் எங்களிடம் ஒருவர்கூட இதைச் சொல்லவில்லை. அவனுக்கு இடது கண் போய்விட்டது.

வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. ஆஸ்பத்திரியின் பெயரை எழுத வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார், அதனால் எழுதவில்லை. எது எப்படி நடந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

திருமங்கலம் பக்கம் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் பிரசவம். 31 வாரத்திலேயே பனிக்குடம் உடைந்துவிட்டது. பையன் 1,400 கிராம்தான் இருந்தான், மூச்சு வாங்கியது. மதுரைக்குக் கொண்டுபோங்கள் என்று நர்சிங் ஹோம்காரர்களே ஒரு ஆம்புலன்ஸை வரவழைத்தார்கள். பெரியாஸ்பத்திரிக்குப் போகலாம் என்றுதான் மச்சான் சொன்னார். "அங்கே பெட் இல்லைங்க, நான் விசாரிச்சுட்டேன்" என்று டிரைவர் வண்டியை வேறு பக்கம் திருப்பினார். குழந்தை நீலம் பாய்ந்து கிடக்கும்போது யாரால் வாதாட முடியும்? அன்றைக்கு அவர் பெரியாஸ்பத்திரியில் யாரையும் கேட்கவே இல்லை என்பது பின்னால் விசாரித்தபோது தெரிந்தது. பெரியாஸ்பத்திரி என்று நாங்கள் சொல்கிற அரசு ராஜாஜி மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைகளுக்கென்றே தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. 2011இல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி அரசு மருத்துவமனையில் நோயுற்ற பச்சிளங்குழந்தைக்கு மருந்து, ரத்தம், பரிசோதனை, வண்டி எல்லாமே இலவசம். இதைத் தெரிந்த ஒருவர் அந்த வண்டியில் இருந்திருந்தால் போதும்.

அந்த ஆஸ்பத்திரியில் பையனை மூச்சுவிட உதவும் சிபாப் கருவியில் வைத்தார்கள், நுரையீரல் விரிய சர்ஃபாக்டன்ட் என்ற மருந்து கொடுத்தார்கள். உயிரைக் காப்பாற்றினார்கள், அதை நான் மறுக்க மாட்டேன். ராத்திரி டியூட்டி நர்ஸ் பெண்கள் அவனைச் சொந்தப் பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டார்கள், அதையும் சொல்லியாக வேண்டும்.

ஆனால் கண்ணாடிக் கதவுக்கு வெளியே இருந்த எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் பில் மட்டும்தான். மானிட்டருக்குத் தனி, ஆக்சிஜனுக்குத் தனி, டாக்டர் வந்து பார்த்ததற்குத் தனி, கையுறைக்குத் தனி. மருந்தை அவர்கள் பார்மசியில்தான் வாங்க வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் காட்டினால், "இந்த ட்ரீட்மென்ட்டுக்கு இங்கே செல்லாது" என்று வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள், எழுதித் தரச் சொன்னால் தரவில்லை. அட்டை வைத்திருப்பவர்கள் 1800 425 3993 என்ற இலவச எண்ணில் கூப்பிட்டு, எந்த ஆஸ்பத்திரியில் எந்தச் சிகிச்சைக்கு அட்டை செல்லும் என்று நேராகவே கேட்டுவிடுங்கள். அம்மாவின் நகை அடகுக்குப் போனது, மச்சான் வட்டிக்கு வாங்கினார். குழந்தை எப்படி இருக்கிறான் என்று கேட்டால் "ஸ்டேபிள்" என்பார்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச டாக்டருக்கு நேரம் இருக்காது.

டிஸ்சார்ஜ் அன்று இரண்டு பக்கத்துக்கு ஒரு சம்மரி கொடுத்தார்கள். இரும்புச்சத்து சொட்டு மருந்து, வைட்டமின், ஒரு வாரம் கழித்து எடை பார்க்க வர வேண்டும், அவ்வளவுதான் அதில் இருந்தது. கண் என்ற சொல்லே இல்லை. நல்லவேளையாக மச்சான் அதை அன்றைக்கே செல்போனில் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார். அந்தப் படம் எவ்வளவு பெரிய காரியம் செய்தது என்பதற்கு வருகிறேன்.

வீட்டுக்கு வந்தபின் ஊரில் கிராம சுகாதார செவிலியர் பார்க்க வந்தார். எடை பார்த்தார், தொப்புள் பார்த்தார். அப்புறம் அட்டையைப் புரட்டி, "எத்தனை வாரத்துல பொறந்தான்? கண்ணு பாத்தாச்சாம்மா?" என்று கேட்டார். என்ன கேட்கிறார் என்றே தங்கச்சிக்குப் புரியவில்லை. அவர் முகம் மாறிவிட்டது. "நாளைக்குத் தள்ளாதீங்க, இன்னைக்கே அரவிந்துக்குப் போங்க" என்றார். பிறந்து ஒரு மாதம் எப்போதோ தாண்டியிருந்தது.

அரவிந்த் கண் மருத்துவமனை 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி இதே மதுரையில் தொடங்கியது. வெளிநாட்டிலிருந்தெல்லாம் கண் வைத்தியம் கற்றுக்கொள்ள டாக்டர்கள் வந்துபோகும் இடம். எங்கள் பையன் அத்தனை நாளும் அதிலிருந்து ஆட்டோவில் போகிற தூரத்தில்தான் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தான். இதை நினைத்தால் எனக்கு இன்னும் தாங்கவில்லை.

அங்கே சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரியவைத்துப் பார்த்த டாக்டர் எங்களை உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினார். விழித்திரையின் ரத்தக்குழாய்கள் பிரசவ மாதம் நெருங்கும்போதுதான் வளர்ந்து முடிகின்றன. முன்கூட்டியே பிறந்த குழந்தைக்கு அந்த வளர்ச்சி பாதியில் நிற்கும். ஆக்சிஜன் தேவைக்கு மேல் போனால் இன்னும் கெடும். பிறகு குழாய்கள் கண்டபடி முளைத்து விழித்திரையைப் பிடித்து இழுக்கும், கடைசியில் அது பிய்ந்து வந்துவிடும். ஆர்.ஓ.பி. என்பது இதுதான். வெளியே பார்த்தால் கண் நன்றாகத்தான் தெரியும். கண்மணியில் வெள்ளை தெரிகிற அளவுக்கு வந்துவிட்டால் காலம் கடந்துவிட்டது என்று அர்த்தம். நேரத்தோடு கண்டுபிடித்தால் பல குழந்தைகளுக்கு வைத்தியமே தேவைப்படாது, அடிக்கடி பார்த்துக்கொண்டால் போதும். தேவைப்பட்டால் லேசர் அல்லது ஊசி, அதையும் இரண்டு மூன்று நாளுக்குள் செய்துவிட வேண்டும். எங்கள் பையனுக்கு வலது கண்ணில் உடனே லேசர் செய்தார்கள், அந்தக் கண்ணில் நோய் நின்றது. இடது கண்ணில் விழித்திரை முழுவதுமாக விலகிவிட்டிருந்தது.

ஒரு தடவை பார்த்து "இப்போதைக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டால் வீட்டில் இருந்துவிடாதீர்கள். குழாய்கள் முழுவதும் வளர்ந்து முடிந்தன என்று கண் டாக்டர் சொல்லும்வரை, அவர் குறித்துக் கொடுக்கிற தேதியில் எல்லாம் போகத்தான் வேண்டும். காது கேட்கும் பரிசோதனையையும் முதல் மாதத்திலேயே கேட்டு வாங்குங்கள்.

இனி ஏமாற்று வேலைக்கு வருகிறேன். கேஸ் ஷீட்டின் நகல் கேட்டுப் போனோம். ரெக்கார்டு செக்‌ஷன் ஆள் லீவு, எம்.டி. கையெழுத்துப் போடவில்லை என்று இழுத்தடித்தார்கள். நோயாளியின் தரப்பு கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைக் கொடுத்தாக வேண்டும் என்று இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதியிலேயே இருக்கிறது. அதைக் குறிப்பிட்டுப் பதிவுத் தபால் அனுப்பிய பிறகுதான் கட்டாகக் கொடுத்தார்கள். அதில் எங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலும் இருந்தது. அதே தேதி, அதே கையெழுத்து. கீழே மட்டும் புதிதாக ஒரு வரி: கண் பரிசோதனைக்குச் செல்லுமாறு பெற்றோருக்கு அறிவுறுத்தப்பட்டது என்று.

தங்கச்சி அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "அண்ணே, என்கிட்ட சொல்லி நான் போகாம இருந்திருப்பேனா?" என்று கேட்டாள். ஒரு தாய் தன் பிள்ளையின் கண்ணைக் கவனிக்காமல் விட்டாள் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். பணம் பிடுங்கியதைக்கூட நான் ஒருநாள் மறந்துவிடுவேன். இந்த ஒரு வரியை மறக்க மாட்டேன்.

வாட்ஸ்அப் படமும், பீரோவில் இருந்த அசல் தாளும் இருந்ததால் தப்பித்தோம். இரண்டையும் வைத்து நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் மனு கொடுத்தோம், தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு எழுதினோம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டிருக்கிறோம். நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருடத்துக்குள் போய்விட வேண்டும், அதற்கு மேல் தாமதித்தால் அதற்குத் தனியாகக் காரணம் காட்ட வேண்டியிருக்கும். வக்கீல் எங்களுக்கு ஒரு தீர்ப்பைக் காட்டினார். 1996இல் சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் 29ஆவது வாரத்தில், 1,250 கிராமில் பிறந்த ஒரு பெண் குழந்தை. கண்ணைப் பார்க்காமலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், இரண்டு கண்ணும் போய்விட்டது. 2015இல் உச்ச நீதிமன்றம் ஏறக்குறைய 1.8 கோடி ரூபாய் கொடுக்கச் சொன்னது. அது முடிய அந்தக் குடும்பத்துக்கு ஏறத்தாழ 19 வருடம் பிடித்தது. இத்தனைக்குப் பிறகும் மதுரையில் ஒரு ஆஸ்பத்திரி அதையே செய்கிறது.

என்.ஐ.சி.யூ. என்கிற பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் இப்போது குழந்தையை வைத்திருப்பவர்கள் டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்: "ஆர்.ஓ.பி. ஸ்கிரீனிங் எப்போது, யார் பார்க்கிறார்கள்?" பதிலைத் தேதியோடு எழுதி வாங்குங்கள். டிஸ்சார்ஜ் ஆகாமல் உள்ளேயே இருக்கிறான் என்பது காரணம் ஆகாது, கண் டாக்டர் வார்டுக்கே வந்து பார்க்கலாம். கையில் கிடைக்கிற ஒவ்வொரு தாளையும் அன்றைக்கே படம் எடுத்து இன்னொருவருக்கு அனுப்பிவையுங்கள். காசு இல்லை என்று கண்ணைப் பார்க்காமல் விடாதீர்கள். தேசிய குழந்தைகள் நலத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே.யில் இந்த நோயும் சேர்ந்திருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்திலோ உங்கள் ஊர் செவிலியரிடமோ கேட்டால் வழி சொல்வார்கள்.

அந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் காத்திருப்பு அறையில் எங்களோடு பாய் விரித்துப் படுத்திருந்தவர்கள் உசிலம்பட்டி, மேலூர், அருப்புக்கோட்டை என்று பல ஊர்க்காரர்கள். பாதிப் பேரின் போன் நம்பர் எங்களிடம் இல்லை. இருந்தவர்களிடம் பேசிவிட்டோம், அதில் இரண்டு குழந்தைகளுக்கு அதுவரை கண் பார்க்கவே இல்லை. மற்றவர்களில் யாராவது இதைப் படித்தால், குழந்தை நன்றாகப் பார்க்கிற மாதிரித் தெரிந்தாலும் இன்றைக்கே ஒரு கண் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியின் அசலை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள், நகல் மட்டும் கொடுங்கள்.