ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் எழுத்து: கறுக்க வைப்பதா, குடைவதா?

இரண்டையும் செய்வது 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒரே ஃபைபர் லேசர்தான். மெதுவாகச் சூடேற்றினால் மேலே மெல்லிய ஆக்சைடு படலம் உண்டாகி எழுத்து கறுப்பாகத் தெரியும். விரலால் தடவினால் ஒன்றும் தட்டுப்படாது. அறுவைசிகிச்சைக் கத்தரிக்கு இதுதான் சரி. அழுக்கு தங்க இடுக்கே இல்லை. ஆனால் சூடு மிஞ்சினால் அந்த இடத்தில் துருவைத் தடுக்கும் குரோமியம் குறைந்து, சில நாளில் எழுத்தின் மேலேயே துரு பூக்கும். பார்க்கவே வயிற்றெரிச்சலாக இருக்கும்.

குடையும்போது உலோகமே உருகி ஆவியாகிப் பள்ளம் விழும், ஓரத்தில் லேசாகப் பிசிறு நிற்கும். ஆழம் கூடக்கூட நேரமும் கூடும். சரி, பாகம் அப்புறம் பெயின்டுக்கோ ஷாட் பிளாஸ்டிங்குக்கோ (சின்ன உலோகக் குண்டுகளை வேகமாக அடித்து மேற்பரப்பைச் சுத்தம் செய்வது) போகிறதா? யோசிக்கவே வேண்டாம், ஆழமாகக் குடைந்துவிடுங்கள். கறுப்பு எழுத்து பெயின்டுக்கு அடியில் மறைந்துவிடும். ஷாட் பட்டால் அழிந்தே போகும்.